சீரியல் பார்க்கும் கார்ட்டூன்காரன்

(சாத்தத்தில் நடந்த அந்தமான் உறுப்பினர்களின் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)



என்ன தலைப்பில் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் கேட்டார். "டிவி சீரியல்" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "வேணும்னா கடைசியில ரெண்டு வார்த்தை ஆன்மிகமும் சேர்த்துக்கறேன்" என்று சமாதானம் சொன்னேன். நம் ஆத்துக்கு தினமும் தவறாமல் வருகிற விருந்தாளியைப் பற்றி ஒரு நாளாவது பேச வேண்டாமா?

இந்த உரையைப் பல ஊர்களில் இருக்கும் உறுப்பினர்கள் பத்திரிகையில் படிப்பார்கள் என்பதால் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. சாத்தம் என்பது ஒரு குட்டித் தீவு. போர்ட் பிளேரோடு அதை ஒரு பாலம் இணைக்கிறது. 2024-ல் போர்ட் பிளேரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டது. என் நாக்குதான் இன்னும் மாறவில்லை. 1883-ல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த மரம் அறுக்கும் மில் இங்கே இருக்கிறது. 1942 மார்ச் 10 அன்று ஜப்பான்காரன் போட்ட குண்டின் பள்ளத்தையும் அப்படியே வைத்திருக்கிறோம். அந்த மில் ஆபீஸில் முப்பத்து நான்கு வருஷம் குப்பை கொட்டினேன். கூடவே கார்ட்டூன் போடுவேன். கையெழுத்துப் பத்திரிகை, ஆண்டு மலர், கல்யாண வாழ்த்து மடல் என்று கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். இந்தத் தீவு கிழக்கே இவ்வளவு தூரத்தில் இருந்தாலும் கடிகாரம் என்னவோ டெல்லி, சென்னைக் கடிகாரம்தான். அதனால் டிசம்பர் மாதத்தில் ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிடும். ஆறு மணிக்குக் கும்மிருட்டு. படுக்கப் போகும் வரை என்ன செய்வது? எங்களுக்கு டிவி மற்ற ஊர்களை விட ஒரு மணி நேரம் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கார்ட்டூன்காரன் கண்ணுக்கு இந்த நிகழ்ச்சிகள் எப்படித் தெரிகின்றன என்று சொல்கிறேன்.

முதலில் சீரியல். சித்திரக்கதையில் எனக்குக் கிடைப்பது மூன்று அல்லது நான்கு கட்டங்கள். ஒரு கட்டத்தில் கதை நகரவில்லை என்றால் அந்தக் கட்டம் தண்டம். சீரியலில் ஒரு மருமகள், "நான் எல்லாத்தையும் கேட்டுட்டேன்" என்கிறாள். உடனே மாமியார் முகம் க்ளோஸ்-அப்பில் மூன்று தடவை, நாத்தனார் முகம் மூன்று தடவை, பிறகு இந்த வழக்கில் சம்பந்தமே இல்லாத சமையல்காரர் முகமும் மூன்று தடவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டமால்'. நான் இப்படி ஒன்பது கட்டத்தில் ஒரே முகத்தை வரைந்து அனுப்பினால் எந்த ஆசிரியராவது சன்மானம் தருவாரா?

ஆனால் காரணம் புரிகிறது. வாரத்துக்கு ஐந்து ஆறு நாள் அரை மணி நேரத்தை நிரப்பியாக வேண்டும். கதையோ ஒரு நாவல் அளவுகூட இருக்காது. 'கோலங்கள்' 2003-ல் ஆரம்பித்து 2009-ல்தான் முடிந்தது. 1500 எபிசோடுக்கு மேல். விளம்பரம் வருகிற வரை கதை முடியக் கூடாது. எதிர்பார்ப்பில் ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் வரை விளம்பரம் வரும். ஒரு லிட்டர் பாலில் ஊருக்கே காபி போடச் சொன்னால் யார் போட்டாலும் அப்படித்தான் இருக்கும். திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். அதே 'கோலங்கள்' இயக்குநர் திருச்செல்வம்தான் 2022-ல் 'எதிர்நீச்சல்' எடுத்தார். அதில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, சொந்தக்காரர் போய்விட்டது போல எத்தனை வீடுகளில் பேசிக்கொண்டார்கள்! வீட்டையே மிரட்டுகிற ஒரு மனுஷனை, நாம் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும்படி செய்வது சாதாரண வேலை இல்லை.

நான் ஒரு பரீட்சை வைத்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பேன். இது கோபுலு சாரிடம் கற்றது. அவரிடம் நேரில் அல்ல, விகடன் பக்கங்களில். தஞ்சாவூரில் பிறந்து, கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்தவர். ஒரு வார்த்தைகூட இல்லாமல் அவர் போட்ட ஜோக்குகளில் எத்தனை பேச்சு இருக்கும்! தோள் சாய்ந்திருப்பதிலேயே அந்த மனுஷனுக்குக் கடன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சத்தத்தை அணைத்த சீரியலில் என்ன தெரிகிறது? பட்டுப்புடவை, நகை, முறைப்பு. இவர்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள், ஆத்தில் யார் காய்கறி நறுக்குகிறார்கள், ஒன்றும் தெரியாது.

அடுத்தது செய்தி விவாதம். இதில் எனக்குத் தொழில் ரீதியாகவே கோபம். சித்திரக்கதையில் பேச்சுக் குமிழ் என்று ஒன்று உண்டு. யார் முதலில் பேசுகிறார், யார் பதில் சொல்கிறார் என்று கண் தானாகவே போகும்படி குமிழை வைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று விழக் கூடாது. விவாதத்தில் திரையை ஆறு கட்டமாகப் பிரிக்கிறார்கள். பார்த்தால் நம்ம சித்திரக்கதைப் பக்கம் மாதிரியே இருக்கும். ஆனால் ஆறு குமிழும் ஒன்றின் மேல் ஒன்று! யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. ஒரு மணி நேரம் கழித்து நெறியாளர் நன்றி சொல்கிறார். எதற்கு என்றுதான் புரியவில்லை.

ரியாலிட்டி ஷோ பற்றி. 1999-ல் ஹாலந்தில் 'பிக் பிரதர்' என்று ஆரம்பித்து, தமிழுக்கு 2017-ல் 'பிக் பாஸ்' ஆக வந்தது. வீடு முழுக்க கேமரா. நாள் பூராவும் எடுத்து, நமக்கு ஒரு மணி நேரம் மட்டும் காட்டுகிறார்கள். எதை வெட்டுகிறார்களோ அதில்தான் மனுஷன் இருக்கிறான் என்பது என் அபிப்பிராயம். மூக்கை மட்டும் பெரிதாகப் போட்டால் யாரையும் வில்லனாக்கலாம். அது என் தொழில் ரகசியம். பாட்டுப் போட்டிகளில் குழந்தைகள் அருமையாகப் பாடுகின்றன. சங்கதிகள் எல்லாம் கச்சேரிக்காரர்களையே அசத்தும். ஆனால் தோற்ற குழந்தையின் கண்ணீரை ஸ்லோ மோஷனில் காட்டுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

பிடித்ததையும் சொல்ல வேண்டும் அல்லவா? 2019-ல் வந்த 'குக் வித் கோமாளி' எனக்குப் பிடித்தது. சமைக்கத் தெரிந்தவரோடு சமைக்கத் தெரியாதவரைக் கட்டிப்போடுவது நல்ல கோமாளித்தனம். யாரையும் அழ வைக்காமல் சிரிக்க வைக்கிறார்கள்.

கார்ட்டூன்காரர்களுக்கும் டிவிக்கும் பழைய சம்பந்தம் உண்டு. ரெட்டைவால் ரெங்குடுவையும் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவையும் வரைந்த மதன், டிவியில் வந்து சினிமா விமர்சனம் செய்தார். 1987-ல் தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' தொடரில் பெயர்கள் ஓடும்போது வந்த படங்கள், ஆர்.கே. நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் போட்டவை. அதற்கு அடுத்த வருஷம், அவருடைய பாத்திரங்களை வைத்து 'வாக்லே கி துனியா' வந்தது. ஒரு சாதாரண குமாஸ்தா, அவர் மனைவி, மாதக் கடைசி. அவ்வளவுதான் கதை. யாரும் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. ஆனாலும் பார்த்தோம். 2021-ல் அதையே அடுத்த தலைமுறையை வைத்துத் திரும்பவும் எடுத்தபோது, பழைய வாக்லே தம்பதியாக நடித்த அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி ஆச்ரேகரும் தாத்தா பாட்டியாக வந்தார்கள்.

லக்ஷ்மணின் அந்தக் கட்டம் போட்ட கோட்டு 'சாமானியன்' வாயே திறக்க மாட்டார். மந்திரி பேசுவார், அதிகாரி பேசுவார், அவர் ஓரமாக நின்று பார்ப்பார். லக்ஷ்மண் அவரைக் கேலி செய்ததே இல்லை. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு மற்றவர்களைக் கேலி செய்தார். இதை நான் புரிந்துகொள்ள ஒரு தப்பு செய்ய வேண்டியிருந்தது. அதைச் சொல்லத்தான் இன்று எழுந்தேன்.

என் அப்பா காலமான பிறகு, 2001-ல் அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து இங்கே அழைத்து வந்தேன். அப்போது 'சித்தி' ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் இந்தியும் வங்காளமும்தான். அம்மாவுக்கு இரண்டும் தெரியாது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தால், சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். 2004 டிசம்பர் 26 காலை பூகம்பம் வந்து, கடல் பொங்கி, பயத்தில் எல்லோரும் வெளியிலேயே உட்கார்ந்திருந்தோம். கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் அம்மா மெதுவாகக் கேட்டாள்: "ஏண்டா, அபிக்கு என்ன ஆச்சோ?" 'கோலங்கள்' அபி! அந்த நிலைமையிலும் சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டோம்.

அந்தச் சிரிப்பு எனக்குள் ஒரு கார்ட்டூனாக உட்கார்ந்துவிட்டது. அடுத்த ஆண்டு மலருக்கு 'சீரியல் மாமி' என்று நான்கு கட்டம் போட்டேன். ஆத்துக்குத் திருடன் வருகிறான். மாமி திரும்பிப் பார்க்காமல், "விளம்பரம் வரட்டும், அப்புறம் கத்தறேன்" என்கிறாள். எல்லோரும் ரசித்தார்கள். அம்மாவும் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள். "நன்னாப் போட்டிருக்கே. கண்ணாடி என்னோடது மாதிரியே இருக்கே" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் முதல் ஹாலுக்கு வரவில்லை. உள்ளே ஜபமாலையோடு உட்கார்ந்திருந்தாள்.

பத்து நாள் பொறுத்து, "ஏம்மா, சீரியல் பாக்கலையா?" என்றேன். அம்மா கோபமே இல்லாமல் சொன்னாள்: "அதுல ஒண்ணும் இல்லேன்னு எனக்கும் தெரியும்டா. ஆனா அவா தினமும் சொன்ன நேரத்துக்கு வரா. தமிழ்ல பேசறா. நீ ஆபீஸ்லேர்ந்து வந்து என்கிட்ட என்ன பேசறே? 'சாப்பிட்டியா'ங்கறே. நான் 'ஆச்சு'ங்கறேன். அதுக்கப்புறம்?"

எனக்குப் பதில் இல்லை. அன்று ராத்திரி நானே டிவியைப் போட்டு, அம்மா கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தேன். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன், கையில் ஸ்கெட்ச் நோட்டோடு. விளம்பர இடைவேளையில் அம்மா முன்கதை சொல்வாள். அதிலிருந்து பேச்சு தன் மாமியாருக்குப் போகும், பிறகு தான் புகுந்த வீட்டுக்கு வந்த முதல் நாளுக்குப் போகும். எனக்குத் தெரியாத அத்தனை குடும்ப விஷயங்களும் அந்த இரண்டு இரண்டு நிமிஷ இடைவேளைகளில்தான் எனக்குக் கிடைத்தன. 2013-ல் அம்மா காலமாகும் வரை அப்படித்தான். ஒன்பது நோட்டுகள் இருக்கின்றன. அதில் சீரியல் முகம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அம்மா முகம்தான்.

இப்போது நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு வருகிறேன். "டிவியில நம்ம மாமிகளை, சாஸ்திரிகளை இப்படிக் கேலி பண்றாளே, சங்கம் ஏதாவது செய்யக் கூடாதா?" நமக்கே காதில் ஒட்டாத 'அவா இவா' பாஷை, தப்பாகக் கட்டிய மடிசார், இதெல்லாம் எனக்கும் எரிச்சல்தான். ஆட்சேபணை இருந்தால் மரியாதையாக எழுதுவோம். ஆனால் கேலியே கூடாது என்று சொல்ல நமக்கு வாய் இல்லை. தேவனும் சாவியும் மெரீனாவும் நம்மை நாமே பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 'வாஷிங்டனில் திருமணம்' படித்து நாம் சிரிக்காத சிரிப்பா? அவர்கள் நம் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதினார்கள். இன்றைக்கு டிவியில் வருவது உட்காராமல் போட்ட படம். நான் என் அம்மாவைப் போட்டேனே, அதே மாதிரி. ஒரே ஆத்தில் இருந்துகொண்டே உட்காராமல் போட்டவன் நான். வெளியில் இருப்பவரை எப்படிக் குற்றம் சொல்வது?

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் இங்கேயும் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு தொடர், ஆளுக்கொரு மூலை. ஹாலில் டிவி மட்டும் ஒரு வயசானவரோடு பேசிக்கொண்டிருக்கிறது.

அதனால் என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். உங்கள் ஆத்தில் சீரியல் பார்க்கும் பெரியவர் இருந்தால், இன்று ராத்திரி பக்கத்தில் போய் உட்காருங்கள். கதை புரியாவிட்டால் பரவாயில்லை. விளம்பரம் வந்ததும், "இவா யாரு?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

செயலாளருக்கு வாக்குக் கொடுத்த ஆன்மிகம் இதுதான்.