வாக்குச்சாவடிக் கணக்கு



2016 சட்டமன்றத் தேர்தலில் காட்டுமன்னார்கோவில் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் தொல். திருமாவளவன் தோற்றது 87 வாக்கு வித்தியாசத்தில். மூன்று ஆண்டு கழித்து, அந்தத் தொகுதியும் அடங்கிய சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இப்படிச் சில சாவடிகளின் வாக்கே முடிவை மாற்றக்கூடிய மண்ணில், அரசியல் ஆய்வும் தரவு அறிவியல் பாடமும் ஒரே ஆசிரியர் கையில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தேர்தல் முடிந்ததும், எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை வாக்கு என்பது 'படிவம் 20' என்ற பட்டியலாக வெளிவருகிறது. அதைக் கூட்டிக் கழிக்கக் கணினி தெரிந்தால் போதும். மக்கள்தொகைக் கணக்கோடு பொருத்தப் போனால்தான் சிக்கல். கணக்கெடுப்பு மாவட்டம், வட்டம் என்று போகும்; சிதம்பரம் தொகுதியோ கடலூர், அரியலூர், பெரம்பலூர் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. குன்னத்து மானாவாரி விவசாயியும் வீராணம் ஏரிப் பாசனத்து விவசாயியும் ஒரே எம்.பி.க்கு ஓட்டுப் போடுகிறார்கள்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. இந்தப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் ஊர் தனி, தலித் மக்கள் வாழும் காலனி தனி. சாவடியும் அப்படியே பிரிந்திருந்தால், காலனி யாருக்குப் போட்டது என்பதைப் படிவம் 20 காட்டிக்கொடுத்துவிடும். வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்ததும் அது போயிற்று. பல இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்து மொத்தமாகக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையமே 2008இல் முன்மொழிந்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

ஒரு மாணவர் சாவடிவாரியாக வண்ணமிட்ட வரைபடத்தோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் அழகாக இருக்கும். ஆசிரியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது அந்த ஊர் டீக்கடையில் கைமாறினால் யாருக்கு ஆபத்து என்பது. பக்கத்துப் பக்கத்துச் சாவடிகள் சிலவற்றைச் சேர்த்து ஒரே கணக்காகக் காட்டச் சொல்ல வேண்டும். துல்லியம் சற்றுக் குறையும், குறையட்டும். எவற்றைச் சேர்ப்பது என்பதை ஊர் தெரிந்த பிள்ளைதான் சொல்ல முடியும். 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் கடலூர்க் கல்லூரிகளுக்கும் அந்தக் கிராமங்களிலிருந்தே பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். இந்தப் பாடத்தை அவர்களிடமிருந்தே தொடங்கலாம்.