முன்னோரைத் தேடும் ஏடுகள்

(காஞ்சிபுரத்தில் மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த ஊர், இலாஞ்சனம் ஆகியவற்றை நம் வீட்டுப் பிள்ளைகள் தடையின்றிச் சொல்கின்றனர். விருஷப தேவரின் தந்தை நாபி மகாராசர், தாய் மருதேவி என்பதை அறியாத சமணக் குழந்தை இல்லை. அதே குழந்தையிடம், ‘உன் பாட்டனாரின் பாட்டனார் பெயர் என்ன?’ என்று கேட்டால் விடை வருவதில்லை. பெற்றோரைக் கேட்டாலும் வருவதில்லை. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் பெயர்ந்த குடும்பங்களில், ஊர்ப் பெயர் மட்டும் முதலெழுத்தாக நிற்கிறது; ஊரில் வாழ்ந்தவர் பெயர் மறைந்துவிடுகிறது. அவற்றை மீட்க எந்த ஏடுகள் துணைசெய்யும், எவை துணைசெய்யா என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மக்கள்தொகைக் கணக்கு

வெளிநாட்டில் வாழும் நம் பிள்ளைகள் பலர், மக்கள்தொகைக் கணக்கேட்டைப் புரட்டினால் முன்னோர் பெயர் கிடைத்துவிடும் என்று எண்ணுகின்றனர். அவர்கள் வாழும் நாடுகளில் அது உண்மையே. பிரிட்டனில் நூறு ஆண்டு கழிந்தபின் கணக்கேட்டின் மூலப் படிவங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம். 1921-ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022-இல் வெளியாயின. அமெரிக்காவில் எழுபத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்தால் போதும். 1950-ஆம் ஆண்டுப் படிவங்களும் அதே 2022-இல் திறக்கப்பட்டன.

நம் நாட்டு நிலை வேறு. 1871-72-இல் முதற் கணக்கெடுப்பு நிகழ்ந்தது. 1881-இல் நாடெங்கும் ஒரே காலத்தில் எடுக்கப்பட்டது. 2011 வரை பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாது நடந்தது. ஆயினும் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்பாளர் எழுதிய ஏட்டைப் பார்க்கும் உரிமை எவர்க்கும் இல்லை என்கிறது. சொல்பவர் அச்சமின்றி உண்மை சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே அங்கே உங்கள் பாட்டனாரின் பெயரைத் தேடி அலைய வேண்டா.

பெயர் கிடையாது என்பதால் அவ்வேடுகள் பயனற்றவையும் அல்ல. எந்த வட்டத்தில், எந்தப் பத்தாண்டில் சமணர் எத்தனை பேர் என்பதை அச்சிட்ட அறிக்கைகள் காட்டும். ஒரு வட்டத்தில் எண்ணிக்கை குறைந்து அடுத்த வட்டத்தில் கூடினால், ஒரு குடிபெயர்ச்சியின் தடம் அங்கே கிடக்கிறது எனலாம். அரசு நம்மை எவ்வாறு கண்டது என்பதையும் அவை காட்டும். 1871-72 கணக்கின் நாடளாவிய தொகுப்பில் பௌத்தரும் சமணரும் ஒரே பத்தியில் சேர்த்து எழுதப்பட்டனர்! 1881-இல்தான் சமணர் தனியே பிரித்து எண்ணப்பெற்றனர். அப்போது நாடு முழுதும் பன்னிரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். 2011-இல் தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர். அதுவும் வடநாட்டிலிருந்து வந்து வணிகம் செய்யும் சமணப் பெருமக்களையும் சேர்த்த எண். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நாம் அந்த எண்ணுக்குள் கரைந்து நிற்கிறோம்.

காஞ்சி வட்டாரத்தார்க்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அச்சீமையின் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களை அளந்து, ஊர்தோறும் நிலம், ஏரி, குடிவாரியாக வீடுகள் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். அக்காலத்து ஊர்க்கணக்குச் சுவடிகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளன. முதல் மக்கள்தொகைக் கணக்குக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே நம் சீமையில் வீடுகள் எண்ணப்பட்டன என்பது எண்ணிப் பெருமிதம் கொள்ளத் தக்கது.

படைப்பதிவுகள்

‘அகிம்சை நெறியினர்க்குப் படைப்பதிவில் என்ன வேலை?’ என்று சிலர் கேட்கலாம். இல்லறத்தார் அறவே விலக்க வேண்டியது மனமறிந்து செய்யும் சங்கல்ப இம்சை. தம்மையும் நாட்டையும் காக்கும்போது நேரும் விரோதி இம்சையை இல்லறத்தார் முற்றும் துறத்தல் இயலாது என நம் சாத்திரங்கள் பகுத்துரைக்கின்றன. சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரரை எழுந்தருளச் செய்த சாமுண்டராயர் கங்க மன்னரின் படைத்தலைவர்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் திருப்பருத்திக்குன்றத்துக் கல்வெட்டுகளையே காணுங்கள். 1382-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வைசய தண்டநாதரின் மகன் இருகப்பர் மகேந்திரமங்கலம் என்னும் ஊரைத் திரைலோக்கியநாதர் ஆலயத்துக்கு அளித்ததைக் கூறுகிறது. 1387-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அவரே தம் ஆசிரியர் புஷ்பசேனர் சொற்படி சங்கீத மண்டபம் எடுப்பித்ததைக் கூறுகிறது. இருகப்பர் விசயநகர அரசின் அமைச்சர்; தண்டநாயகரும் ஆவார். தந்தை பெயர், பதவி, ஆசிரியர், ஆண்டு, கொடை ஆகிய அனைத்தும் அறுநூறு ஆண்டு கழிந்தும் நமக்குத் தெரிகின்றன. நம் கொள்ளுப்பாட்டனாரைப் பற்றி இவ்வளவு தெரியுமா?

அண்மைக் காலத்துக்கு வருவோம். இரண்டு உலகப் போர்களிலும் சென்னை மாகாணத்தார் பல்லாயிரவர் பணியாற்றினர். துப்பாக்கி ஏந்தியவர் மட்டுமல்லர். எழுத்தர், கிடங்குக் கணக்கர், மருத்துவ உதவியாளர் எனச் சென்றோரும் பலர். ‘இவ்வூரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் சென்றனர், அவருள் இத்தனை பேர் உயிர் துறந்தனர்’ என்று எழுதிய கற்பலகைகள் நம் மாநிலத்து ஊர்கள் பலவற்றில் இன்றும் சுவரில் பதிந்துள்ளன. அவற்றில் எண் உண்டு, பெயர் இல்லை.

பெயர் வேண்டுவோர் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டைப் பார்க்கலாம், கட்டணமில்லை. இறந்தவர் பெயர், படைப்பிரிவு, நாள், நினைவகம் ஆகியன அதில் உள்ளன. பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் காணப்படும். சென்னை நந்தம்பாக்கத்துப் போர்க் கல்லறையில் உள்ள நினைவகம் முதற்போரில் மாண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குறிக்கிறது. இரண்டாம் போரில் மாண்டோர்க்கு இரங்கூன் நினைவகமும் சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவகமும் முதன்மையானவை. முதற்போரில் மெசபொட்டேமியாவில் மாண்டோர்க்கான பஸ்ரா நினைவகத்திலோ, இந்தியச் சிப்பாய் பெரும்பாலோர் கல்லில் பெயரின்றி எண்ணிக்கையாகவே நின்றனர். இத்தகைய வேற்றுமை நிகழ்ந்ததை ஒப்புக்கொண்டு அவ்வாணையம் 2021-இல் வருத்தம் தெரிவித்தது.

உயிருடன் திரும்பியோர்க்கு வீட்டுப் பெட்டியில் கிடக்கும் படைவிடுப்புப் புத்தகமே முதற் சான்று. தந்தை பெயர், ஊர், அஞ்சலகம், வட்டம், அங்க அடையாளம், உரிமை வாரிசு ஆகிய அனைத்தும் அதிலுண்டு. பழுப்பேறிய தாள் என்று அதனை எறிந்துவிடாதீர்கள்.

பஞ்சாபில் நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். முதற்போர் முடிந்ததும் அம்மாகாண அரசு, போருக்குச் சென்றோர் பெயர்களை ஊர்வாரியாக எழுதி வைத்தது. ஏறத்தாழ 3,20,000 பேரைக் குறித்த 26,000 பக்கங்கள் இலாகூர் அருங்காட்சியகத்தில் பல்லாண்டு கேட்பாரற்றுக் கிடந்தன. 2021-இல் அவற்றின் முதற்பகுதி இணையத்தில் ஏறியது. பிரிவினையால் ஊரையே இழந்த குடும்பங்களும், ஊர்ப் பெயர் ஒன்றை மட்டும் கொண்டு பாட்டனாரைத் தேட வழி பிறந்தது. தேடலுக்குத் திறவுகோல் ஆள் பெயரன்று, ஊர்ப் பெயரே.

பெயரும் பட்டமும்

தேடுவோர் இரண்டைக் கருத்திற் கொள்ள வேண்டும். ஆங்கில ஏடுகளில் ஒரே பெயர் நைனார், நயினார், நாயனார் எனப் பலவாறு எழுத்துக்கூட்டப்பட்டிருக்கும். காஞ்சிபுரம் ‘காஞ்சீவரம்’ என்றும் வந்தவாசி ‘வாண்டிவாஷ்’ என்றும் இருக்கும். எல்லா வடிவங்களிலும் தேடுக. அடுத்து, பட்டம் ஒன்றையே நம்பற்க. உ.வே.சா. அவர்களுக்குச் சிந்தாமணிப் பதிப்பில் துணைநின்ற கும்பகோணத்துச் சமணருள் ஒருவர் சந்திரநாத செட்டியார். மற்றொருவர் வீடூர் அப்பாசாமி நயினார். பட்டம் இரண்டு, நெறி ஒன்று.

பெயர் மாறினால் என்ன நேரும் என்பதற்கு நம்மிடையே ஒரு செவிவழி வரலாறு உண்டு. செஞ்சி நாயக்கர் ஒருவரின் கொடுமைக்கு அஞ்சித் திருநீறு பூசி உயிர் தப்பியோரின் வழிவந்தவர் நீர்பூசி வேளாளர் என்பர். 1906-ஆம் ஆண்டுத் தென்னார்க்காடு மாவட்டக் கையேடும் இக்கதையைக் குறிக்கிறது. அச்சத்தால் ஒரு நாள் மாற்றிச் சொன்ன பெயர் சில தலைமுறையில் ஏட்டிலும் நின்றுவிடுகிறது என்பதே இதன் பாடம்.

2021-இல் நிகழவேண்டிய கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடைபெற உள்ளது. 1931-க்குப் பின் முதன்முறையாக அனைவரின் சாதியும் கேட்கப்படும். வருபவர் நம் பெயரையும் பழக்கவழக்கத்தையும் கண்டு தாமாகவே மதத்தை ஊகித்து எழுதிவிடக்கூடும். ‘மதம் ஜைனம், தாய்மொழி தமிழ்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் எண் அது.

பெயரை நாமே எழுதுவோம்

அரசு நம்மை எண்ணும். பெயரைக் காப்பது நம் கடன். குடும்பத்துக்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். பெயர், தந்தை, தாய், பிறந்த ஊர், புகுந்த ஊர், சான்று என ஆறு பத்திகள் போதும். பழைய கிரயப் பத்திரங்களில் ‘இன்ன ஊரிலிருக்கும் இன்னார் குமாரர்’ என்ற தொடரைத் தேடுங்கள். ஒரு பத்திரம் இரு தலைமுறையைத் தரும். கிராமப் பிறப்பு இறப்புப் பதிவேடு, ஓலைச்சுவடியின் இறுதியில் எழுதியவர் இட்ட பெயர், ஆலயத்துக் குடத்திலும் விளக்கிலும் வெட்டிய உபயதாரர் பெயர், பழைய திருமண அழைப்பிதழ் ஆகிய யாவும் சான்றுகளே.

பெண்களை மறவாதீர்கள். படையேட்டிலும் நிலப்பத்திரத்திலும் தந்தையும் மகனுமே நிற்பர். தாய் பெயர் அரிது. ஆனால் நம் ஊர்களை ஒன்றோடொன்று உறவால் பிணைத்தவர்கள் பெண் கொடுத்த வழியினரே. ஆகவே அலுவலகத்துக்குச் செல்லுமுன் வீட்டிலுள்ள பாட்டியிடம் செல்லுங்கள். அந்த ஏடு இன்று திறந்திருக்கிறது. நாளை திறந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

எழுதும்போது சத்திய விரதத்தைக் காத்தெழுதுக. கண்டதைக் கண்டது என்றும் கேட்டதைக் கேட்டது என்றும் குறிக்க வேண்டும். அரச குலத்தில் பிறந்தோம் எனப் புனைவதைவிட, ஏர் பிடித்த ஒருவரின் உண்மைப் பெயரை மீட்பது உயர்வு. எழுதி முடித்த ஏட்டின் படியொன்றை ஆலய நூலகத்தில் வையுங்கள். சுவடி எழுதி வழங்குதலைச் சாத்திர தானம் எனப் போற்றிய மரபு நம்முடையது. இதுவும் அதன் ஒரு கிளையே.

அடுத்த ஆண்டு இவ்விழாவுக்கு வரும்போது குடும்பத்துக்கு ஒரு குறிப்பேடு கையிலிருக்கட்டும் என்று வேண்டி அமைகிறேன்.

திருவறம் வளர்க!