வட்டியைக் கண்டித்த பாட்டு

யாழ்ப்பாணத்து உடுவிலையும் அயலூர்களையும் விட்டு வந்து இங்கே வேரூன்றிய உறவுகளே,

எங்கள் ஊரில் பாட்டுக்குக் குறைவிருந்ததில்லை. 1824இல் ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கினார். அங்கே பணிசெய்த ஸ்போல்டிங் ஐயர் தமிழில் ஞானப்பாட்டுகள் எழுதினார். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் கடல் கடந்து எங்கள் தேவாலயங்களுக்கும் வந்தன. இவற்றை நாம் மறக்கவில்லை. பாட்டோடு வந்த ஒரு கண்டிப்பைத்தான் கைவிட்டுவிட்டோம்.

கடவுளின் கூடாரத்தில் தங்கத் தகுந்தவர் யார் என்று கேட்கிறது 15ஆம் சங்கீதம். ஐந்தே வசனம். காசை வட்டிக்கு விடாதிருப்பதும் அது சொல்லும் தகுதிகளில் ஒன்று. 325இல் நிக்கேயாவில் கூடிய ஆயர்கள், வட்டி வாங்கும் குருமாரைப் பதவி நீக்க வேண்டும் என்று விதித்தபோது இந்தப் பாட்டையே சான்றாக வைத்தார்கள். அவர்கள் பெயர் சொல்லிக் கண்டித்த வட்டி, நூற்றுக்கு மாதம் ஒன்று! செசரியாவின் பசிலியார் இதே சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்தார். மாதம் பிறந்தாலே கடன் வாங்கியவர் கலங்குவதைச் சொன்னார். மிலானின் அம்புரோசியாரை நான் தனியே வணங்குகிறேன். 386இல் பேரரசி யுஸ்தினாவின் ஆட்கள் தேவாலயத்தைப் பறிக்க வந்தபோது, உள்ளே காவலிருந்த மக்களைப் பாடவைத்தவர் அவர். தோபித்து கதையை வைத்து வட்டிக்காரரைக் கண்டித்து நூல் எழுதியவரும் அவரே.

கடன் யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமையிலேயே ஒற்றி இருக்கிறது. கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலை எடுத்துக்கொள்வார். போருக்குப் பின் வந்த நுண்கடனோ காணி இல்லாத பெண்களையும் பிடித்தது. தவணை நாளில் படலையில் ஆள் வந்து நிற்கும். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். வறட்சி கண்ட மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் இலங்கை அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று.

நம்மிலும் சிலர் ஊருக்குக் காசு அனுப்பி, அங்கே அதை வட்டிக்கு விடுகிறார்கள். கடன் வாங்குபவர் பெரும்பாலும் நம் சொந்தக்காரரே. மனம் நொந்து சொல்கிறேன்: ஞாயிறன்று அந்தச் சங்கீதத்தைப் பாடும் வாயால் திங்களன்று வட்டி கேட்கக் கூடாது. சைவ உறவுகளே, உங்களிடமும் இதையே கேட்கிறேன்.

இந்த விழாவின் செலவு போக மிஞ்சுவதை வட்டியில்லாக் கைமாற்றாக ஊர்ப் பெண்களுக்குக் கொடுப்போம். ஒரு தையல் மெசினுக்கு, பத்துக் கோழிக்கு, ஒரு போகம் வெங்காயத்துக்கு. விளைந்த பின் அசலை மட்டும் திருப்பித் தரட்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுக்குமாறு சங்கத் தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் பங்கை நான் தருகிறேன்.