திரையில் தெரிந்த கறை

(உயர்தொழில்நுட்ப ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



நான் கணினி படித்தவன் அல்லன். தூரிகை பிடித்தவன். ஆய்வகத்தின் சாவி என்னிடம் வந்து சேர்ந்ததால் கணினியையும் பிடித்தேன். அதனால் ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன்.

எங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு வகுப்புவாரியாகப் படம் எடுத்திருந்தோம். வெயிலில் எடுத்த படங்கள். பாதி முகங்கள் இருட்டு. அவற்றைச் சரிசெய்யும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரிடம் கொடுத்திருந்தேன். கைநேர்த்தி உள்ள பிள்ளை. அச்சகத்துக்கு அனுப்ப மூன்று நாள் இருக்கும்போது போய்ப் பார்த்தால், பெரிதாக்கிய படத்தில் முகங்களின்மேல் கட்டம் கட்டமாகக் கறுப்புத் திட்டுகள். "என்னம்மா இப்படிக் கெடுத்து வச்சிருக்கே?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்றார். நான் நம்பவில்லை. மறுநாள் அவர் ஆய்வகப் பக்கமே வரவில்லை.

நானே உட்கார்ந்து மூலப் படத்தைத் திறந்தேன். யாரும் கைவைக்காத படம். பெரிதாக்கினேன். அதே திட்டு! பிறகு அந்த மாணவி சேமித்திருந்த கோப்பைப் பென் டிரைவில் எடுத்துப்போய் அலுவலகக் கணினியில் திறந்தேன். முகங்கள் பளிச்சென்று இருந்தன. கறை கோப்பில் இல்லை, திரையில் மட்டுமே இருந்தது.

ஏன் இப்படி? 24 மெகாபிக்சல் படம் என்றால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். ஒளியைக் கொஞ்சம் கூட்டினால் அத்தனைக்கும் கணக்குப் போட வேண்டும். சிபியு மட்டும் போட்டால், தலைமையாசிரியர் ஒருவரே மாவட்டத்தின் விடைத்தாள் முழுவதையும் திருத்துவது மாதிரி. அதனால் மென்பொருள் அந்த வேலையை வரைகலைச் செயலியிடம், அதாவது ஜிபியுவிடம், தள்ளிவிடுகிறது. அது திருத்தும் முகாம். நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள். இதைத்தான் வன்பொருள் முடுக்கம் என்கிறோம். மென்பொருள் சொல்வதை அந்தச் செயலிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்வது டிரைவர் என்னும் சிறு நிரல். முகாமில் தவறான விடைக்குறிப்பைக் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்? எல்லாரும் வேகமாகத் திருத்துவார்கள். எல்லாம் தப்பாக இருக்கும். எங்கள் ஆய்வகத்தில் நடந்தது அதுதான். அதற்கு முந்தைய வாரம் சில கணினிகளில் மட்டும் டிரைவர் புதுப்பிக்கப்பட்டிருந்தது. திட்டு வந்ததும் அந்தக் கணினிகளில் மட்டுமே.

ஆகவே படம் கறுப்பானாலும், கட்டங்கள் விழுந்தாலும், தூரிகை கைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தாலும் முதலில் கோப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். அடுத்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதையும் அங்கே பாருங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் திட்டு இல்லாமல் உங்கள் திரையில் மட்டும் இருந்தால் மானிட்டரையோ கேபிளையோ சந்தேகிக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டிலும் இருந்தால் பார்வை முடுக்கத்தின் பக்கம் திரும்பட்டும்.

அடுத்தது, முடுக்கத்தை நிறுத்திப் பார்ப்பது. பெரும்பாலும் இதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் தேவைப்படாது. அது நம் கையில் இல்லாத ஆய்வகங்களில் இது பெரிய வசதி. போட்டோஷாப்பில் எடிட், பிரிஃபரென்சஸ், பெர்ஃபார்மன்ஸ் என்று போனால் 'யூஸ் கிராஃபிக்ஸ் பிராசசர்' என்ற பெட்டி இருக்கும். கிரிட்டாவில் செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டிஸ்ப்ளே. அங்கே முழுவதும் நிறுத்துவதற்கு முன், விண்டோஸ் கணினியாக இருந்தால் ஓப்பன்ஜிஎல்லுக்குப் பதில் 'ஆங்கிள்' வழியைத் தேர்ந்து பாருங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். டார்க்டேபிளில் ஓப்பன்சிஎல் என்ற பெட்டியை எடுத்துவிட வேண்டும். எதை மாற்றினாலும் மென்பொருளை மூடித் திறங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் ஒரே மூச்சில் நான்கை மாற்றி, எது சரிசெய்தது என்றே தெரியாமல் அரை நாளைத் தொலைத்திருக்கிறேன்.

டார்க்டேபிள் பற்றி ஓர் எச்சரிக்கை. எங்கள் பள்ளியில் கோப்பு தப்பியது. ஆனால் டார்க்டேபிள் படத்தை ஏற்றுமதி செய்யும்போதும் ஜிபியுவைப் பயன்படுத்துகிறது. அங்கே தப்புக் கணக்குக் கோப்புக்குள்ளேயே போய்விடக்கூடும். சந்தேகம் இருந்தால் ஓப்பன்சிஎல்லை நிறுத்திவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்து ஒப்பிடுங்கள்.

பெட்டியை நீக்கியதும் கோளாறு மறைந்தால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. மருந்து இன்னும் கொடுக்கவில்லை. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதைத் திறங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், செயலிக்கு உரிய டிரைவரே ஓடவில்லை என்று பொருள். முடுக்கம் வேலை செய்யாததில் வியப்பில்லை. புதுப்பித்த பிறகு வந்த கோளாறு என்றால் 'ரோல் பேக் டிரைவர்' பொத்தான் பழையதைத் திருப்பித் தரும். இதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். பெரிய படத்தைத் திறக்கும்போது திரை ஒரு நொடி கறுத்து மீண்டு, மென்பொருள் மூடிக்கொள்கிறதா? ஜிபியு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் அந்த டிரைவரை மறுபடி தொடங்கிவிடும். இது அதன் வழக்கமான அமைப்பு. நினைவகப் பற்றாக்குறை, தூசி அடைத்த விசிறி, வெப்பம் ஆகியவற்றையும் அப்போது பாருங்கள். மே மாத ஆய்வகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பொறியாளரை அழைக்கும்போது "கம்ப்யூட்டர் ரிப்பேர்" என்று மட்டும் சொன்னால் அவர் அடுத்த வாரம் வந்து அணைத்துப் போட்டுவிட்டுப் போவார். அது அவர் குற்றமும் இல்லை. ஜிபியுவின் பெயர், டிரைவரின் பதிப்பு, தேதி, எதைச் செய்யும்போது கோளாறு வருகிறது என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள்.

எங்கள் ஆண்டு மலர் ஒரு நாள் தாமதமாக அச்சுக்குப் போனது. பெட்டியை நீக்கிவிட்டு மீதிப் படங்களை முடித்தோம். பெரிதாக்கும்போது படம் தயங்கித் தயங்கி வந்தது, அவ்வளவுதான். முடித்தது நான் அல்லன். அந்த மாணவியின் வகுப்புக்குப் போய், எல்லார் முன்னாலும் திட்டியதால் எல்லார் முன்னாலும், "படம் கெடல, நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்று சொன்னேன். அவர் உடனே சிரித்துவிடவில்லை. "அப்போ நான் சேவ் பண்ணின எல்லாப் படமும் இருக்கா சார்?" என்று மட்டும் கேட்டார். இருந்தன, எல்லாமும்.

இனி செய்முறைக்குப் போகலாம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் அழுத்தி, 'டிஎக்ஸ்டையக்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள். டிஸ்ப்ளே பக்கத்தில் உங்கள் ஜிபியுவின் பெயரும் டிரைவரின் தேதியும் இருக்கும். பின்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா?