முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இரவுப் பணி: சீர்திருத்தத்தைச் சரிபார்ப்பது எப்படி?

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். கொட்டகையைப் பற்றியும் உரிமத்தைப் பற்றியும் அப்பொழுது நிறையப் பேசப்பட்டது. ஆயின் இத்தகைய இடங்களுக்குச் சங்கிலி வந்து சேர்வதற்குக் காரணம் மிக எளியது: இரவில் விழித்திருந்து பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதைவிட இரும்பு மலிவு.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, இதனை நேர்முகமாகவே சொல்கிறது. அதன் 95ஆம் பிரிவு எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்கிறது. பணியாளர் போதவில்லை என்பதை மட்டும் காரணமாகக் கொண்டு ஒருவரைக் கட்டிவைத்தல் கூடாது என்பது 97ஆம் பிரிவு. அவ்வாறு கட்டுப்படுத்திய ஒவ்வொரு நிகழ்ச்சியையும் மாதந்தோறும் வாரியத்துக்கு அறிவிக்கவும் வேண்டும். ஆள் எண்ணிக்கையையும் மனித மாண்பையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் இவ்வாசகம், முதியோர் இல்லங்களை ஆய்வு செய்வோரும் மனத்திற்கொள்ளத் தக்கது.

இரு துறைகளுக்கு இடையே

பெங்களூரு மாநகரில் முதியோர் பராமரிப்பு இன்று ஒரு தொழிலாகவே வளர்ந்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில்; பெற்றோர் ஜெயநகரிலோ மல்லேசுவரத்திலோ தனிமையில். மறதிநோய் வந்துவிட்டால் வீட்டில் வைத்துப் பார்ப்பது கடினம். நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. 1974இல் உருவான நிம்ஹான்ஸ் நிறுவனம் இந்நகரில் இருப்பதும், 1998இல் தோன்றிய நைட்டிங்கேல்ஸ் மெடிக்கல் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் மறதிநோயாளர்க்கென உறைவிட மையம் நடத்துவதும் இத்துறைக்கு ஓரளவு வழிகாட்டியுள்ளன.

ஆனால் சட்டத்தின் பார்வையில் இவ்வில்லங்கள் எவை? இங்கேதான் சிக்கல். ‘நர்சிங் ஹோம்’ என்றால் நம் நாட்டில் சிறு மருத்துவமனை என்றே பொருள். கர்நாடகத்தின் 2007ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிலையங்கள் சட்டம் அதனை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. அதே 2007இல் நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமோ, ஆதரவற்ற முதியோர் 150 பேருக்கு இடந்தரும் இல்லம் ஒன்றேனும் மாவட்டந்தோறும் வேண்டும் என்கிறது. கட்டணம் பெறும் பராமரிப்பு இல்லத்தில் எத்தனை பணியாளர் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் கொணர முனைந்த 2019ஆம் ஆண்டுத் திருத்த மசோதா நிறைவேறாமலே, 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. படுக்கையை விட்டு எழ முடியாத முப்பது பேர் வாழும் வீடு, சுகாதாரத் துறைக்கு விடுதியாகவும் சமூக நலத்துறைக்கு மருத்துவமனையாகவும் தோன்ற இடமிருக்கிறது.

ஓர் இடத்துக்கு எத்தனை ஆள்?

எந்த இல்லமும், ‘பணியாளரைக் கூட்டிவிட்டோம், பாதுகாப்பு மேம்பட்டுவிட்டது’ என்று சொல்லலாம். அதனைச் சோதிக்க முதலில் வேண்டுவது கூட்டல் கணக்கே.

வாரத்தில் 168 மணி. ஒருவரது வேலை வாரத்துக்கு 48 மணி. ஆகவே ஓரிடத்தில் எப்பொழுதும் ஒருவர் நிற்க மூன்றரைப் பேர் தேவை. மருத்துவமனைச் செவிலியர்க்கு இந்திய நர்சிங் கவுன்சில் கூறும் 30 விழுக்காடு விடுப்பு ஒதுக்கத்தையும் சேர்த்தால் அது நாலரைக்கு மேற்படுகிறது. முப்பது முதியோர் உள்ள ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். காலை முறையில் 4 பேர், மாலையில் 3, இரவில் 2 எனப் பட்டியல் தொங்குகிறது. நாளொன்றுக்கு 72 மணி, வாரத்துக்கு 504. பத்தரைப் பேர் வேண்டும்; விடுப்பைக் கருதினால் 14 பேர். சம்பளப் பதிவேட்டில் 10 பேரே இருந்தால், அப்பட்டியல் காகிதத்தில் மட்டும் உள்ளது, அல்லது ஒருவரே இரு முறை தொடர்ந்து உழைக்கிறார். இரண்டுமே ஆபத்து.

முகவர்கள் அனுப்பும் உதவியாளர் பன்னிரண்டு மணி நேரம் பணி செய்வதும், ‘24 மணி நேர ஆள்’ என்ற பெயரில் முதியவரின் கட்டிலுக்குக் கீழேயே உறங்குவதும் நகர வழக்கம். உறங்குபவரை இரவுப் பணியாளர் என்று எண்ணுதல் தகாது. 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனைத் தீவிபத்தில் சுமார் 90 பேர் மாண்டது பின்னிரவில்தான். பொதுமருத்துவமனைக்குரிய ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற அளவை அப்படியே பராமரிப்பு இல்லத்துக்குப் பொருத்துவதும் சரியன்று. இங்குத் தேவைப்படும் வேலையின் பெரும்பகுதி குளிப்பாட்டல், உணவூட்டல், புரட்டிப் படுக்கவைத்தல். பயிற்சி பெற்ற உதவியாளரும், எந்நேரமும் அழைத்தால் வரும் செவிலியரும் சேர்ந்ததே பொருத்தமான அமைப்பாகும்.

ஆய்வு நாளும் மற்ற நாட்களும்

அமெரிக்காவில் 2016 வரை, ஆய்வுக்கு முந்திய இரு வாரங்களுக்கான பணியாளர் விவரத்தை இல்லங்களே எழுதித் தந்தன. அவ்வாண்டு ஜூலை முதல் சம்பளக் கணக்கிலிருந்து நாள்வாரியாக விவரம் பெறப்பட்டு வருகிறது. அதனை ஆராய்ந்து ‘ஹெல்த் அஃபேர்ஸ்’ இதழ் 2019இல் வெளியிட்ட கட்டுரை, வார இறுதியில் ஆட்கள் வெகுவாகக் குறைவதையும், ஆய்வு நடைபெறும் நாட்களையொட்டி எண்ணிக்கை ஏறிப் பின்னர் இறங்குவதையும் காட்டிற்று. 2024இல் அந்நாட்டரசு ஒரு முதியவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரப் பராமரிப்பு என விதித்தது. 2025 ஏப்ரலில் டெக்சஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அதனை நீக்கிற்று. மேலே கண்ட கற்பனை இல்லத்தில் இவ்வளவு 2.4 மணிதான்.

நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை. ஆயினும் பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் இ.எஸ்.ஐ. சந்தா செலுத்துகின்றன. அந்த மாதப் பட்டியலையும் பணிமுறைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு உண்மையின் பெரும்பகுதி தெரிந்துவிடும். எஞ்சியது ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு முன்னறிவிப்பின்றிச் சென்றால் தெரியும். படுக்கைப்புண் வராதிருக்க நேரந்தோறும் புரட்டியதாகக் காட்டும் அட்டையில், விடியற்காலைக் கட்டங்களும் அப்பொழுதே நிரப்பப்பட்டிருந்தால் வேறு சாட்சியம் தேவையில்லை.

விழுதல் கணக்கு

பாதுகாப்பின் அளவுகோலாகப் பெரிதும் கொள்ளப்படுவது முதியோர் தவறி விழுதல். முப்பது பேருக்கு ஒரு மாதம் என்பது 900 இருப்பு நாட்கள்; அதில் மும்முறை விழுந்தால் ஆயிரம் நாட்களுக்கு 3.3. இங்கு ஆய்வாளர் ஏமாறக்கூடும். ஆட்கள் கூடிய முதல் மாதங்களில் இந்த எண் ஏறலாம். முன்பு எவரும் காணாத, எழுதாத விழுதல்கள் இப்பொழுது எழுதப்படுவதே காரணம். பூஜ்யம் காட்டும் இல்லத்தைத்தான் ஐயுறவேண்டும். எலும்பு முறிவு, மருத்துவமனைக்கு அனுப்பியது, கட்டிவைத்தது ஆகியவற்றை மறைப்பது கடினம். ஒப்பீட்டுக்கு அவையே ஏற்றவை. விழுந்தவர் கட்டிவைக்கப்பட்டதால் விழுதல் குறைந்தது என்றால் அது மேம்பாடாகாது.

ஊதியத்தையும் பார்க்கவேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் செவிலியர்க்கு மாதம் ரூ.20,000க்குக் குறையலாகாது எனப் பரிந்துரைத்தது. உதவியாளர்க்கு அப்பரிந்துரையில் இடமில்லை. வேறு மாநிலங்களிலிருந்து வந்து, கன்னடமும் தமிழும் பேசும் முதியோரிடம் இந்தியில் பேசிப் பழகி, நான்கு மாதத்தில் வேறிடம் போகும் இளைஞர்கள் இத்துறையில் ஏராளம். யாருக்கு எந்த மாத்திரை தொண்டையில் சிக்கும், யார் நள்ளிரவில் கதவைத் தேடி எழுந்து நடப்பார் என்பது அவர்கள் போகும்போது கூடவே போய்விடுகிறது. ஆகவே ஜனவரிப் பட்டியலையும் ஜூலைப் பட்டியலையும் ஒப்பிடும் அலுவலர், எண்ணிக்கையோடு நிற்காமல், அதே பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்றும் எண்ணவேண்டும்.