பேட்டரி வாங்கும் முன் ஒரு சோதனை

2014-இல் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800 நம் தெருக்களில் இன்னும் ஓடுகிறது. காலையில் வண்டி கிளம்பாவிட்டால் உடனே புது பேட்டரி வாங்கிவிடுகிறோம். நானும் வாங்கினேன், நான்கே நாளில் அதுவும் இறங்கிவிட்டது. கோளாறு ஆல்டர்னேட்டரில் இருந்தது.

அதனால் முதலில் ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கி ‘டக் டக்’ என்று தொடர்ந்து கேட்டால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கிறது. நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றி, சுத்தம் செய்து, இறுக்கிப் பாருங்கள். வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு ‘டக்’ கேட்டால் பெரும்பாலும் ஸ்டார்ட்டர் மோட்டார் அல்லது சொலினாய்டு.

வண்டி கிளம்பியதும் பேட்டரியில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. 12.5-ஐத் தாண்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது.

என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். நல்ல ஆல்டர்னேட்டரும் கெட்டுவிடும்.

நம் மதுரை வெயிலில் பேட்டரி சீக்கிரம் தளரும். ராத்திரி மேலூர் ரோட்டில் குடும்பத்தோடு நிற்பதைவிட, வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் செலவழிப்பது மேல். மீட்டர் இல்லாதவர்கள் என்னிடம் கேளுங்கள், தருகிறேன்.