தொலைக்காட்சித் தோமையார்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடந்த மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



"தொலைக்காட்சியைப் பற்றி நாலு வார்த்தை பேசுங்கள், சாமி" என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். செபமாலை நேரத்தை அது பறித்துக்கொண்ட கதையை நான் சொல்லுவேன் என்று நினைத்திருப்பார்கள். அந்தப் பிரசங்கம் உங்களுக்கு மனப்பாடம். ஆகவே இன்று தொலைக்காட்சியால் பேர் பெற்ற ஒரு நிருபரைப் பற்றிச் சொல்லுகிறேன். நமது அன்னை தெரேசாவை மேல்நாட்டாரின் வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தவர் அவர். பெயர் மால்கம் மகரிட்ஜ்.

தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று நின்ற தோமையாரை நாம் அறிவோம். மகரிட்ஜும் அந்த இனம்.

1903ல் லண்டனை அடுத்த கிராய்டனில் பிறந்தார். தகப்பனார் தொழிற்கட்சிக்காரர், சோஷலிஸ்டு. கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு, 1924ல் கேரளத்து ஆலுவாய் யூனியன் கிறிஸ்தவக் கல்லூரிக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். 1927 வரை அங்கே இருந்தார். பிறகு பத்திரிகைத் தொழில். 1932ல் மாஞ்செஸ்டர் கார்டியன் நிருபராக மாஸ்கோ போனார். போகும்போது சோவியத் ஆட்சியைப் பூலோக மோட்சம் என்று நம்பிப் போனவர் அவர். அங்கே பஞ்சம் என்று காதோடு காதாகப் பேச்சு. 1933 தொடக்கத்தில், அதிகாரிகளிடம் அனுமதி கேட்காமல், ரயிலேறி உக்ரைனுக்கும் வட காக்கசஸ் பகுதிக்கும் போய்ப் பார்த்தார். தானியம் விளைந்த நாட்டில் ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். தணிக்கைக்கு அகப்படாமல் தூதரகப் பை மூலமாகச் செய்தியை அனுப்பினார். பத்திரிகை அதை வெட்டிச் சுருக்கி, அவர் பெயரில்லாமல் வெளியிட்டது. பஞ்சமே இல்லை என்று எழுதிய நியூயார்க் டைம்ஸ் நிருபர் வால்டர் டுராண்டிக்கு மதிப்பு குறையவில்லை. மகரிட்ஜுக்குத்தான் வேலை போயிற்று. பார்த்ததைச் சொன்னதற்குக் கிடைத்த கூலி அது.

1950களில் பி.பி.சி. தொலைக்காட்சியின் 'பனோரமா' நிகழ்ச்சிக்கு வந்து சேர்ந்தார். நாட்டு நடப்பைப் பேசும் நிகழ்ச்சி அது. எதிரே இருப்பவர் மந்திரியாக இருந்தாலும் மத போதகராக இருந்தாலும் இழுத்து இழுத்துப் பேசிக் கிண்டலாகக் கேட்பார். அரச குடும்பத்தைக் குறித்து எழுதியதற்காக 1957ல் சில காலம் பி.பி.சி. அவரை ஒதுக்கியே வைத்தது. குடி, பெண்கள் விஷயம் என்று வாழ்க்கையிலும் கறை உண்டு. பி.பி.சி.யில் வேலை பார்த்த பெண்களிடம் அவர் முறைகேடாக நடந்துகொண்டதை 2015ல் வெளிவந்த ஒரு வரலாற்று நூல் எடுத்துச் சொல்லிற்று. அதை மறைத்துவிட்டு அவரைப் பீடத்தில் ஏற்ற நான் வரவில்லை.

1968ல் லண்டன் வந்திருந்த அன்னையை அவர் பேட்டி கண்டார். அன்னைக்குக் கூச்சம், பதில்கள் சுருக்கம், இடையிடையே திக்கல். இது தேறாது என்றுதான் நிலையத்தார் நினைத்தார்கள். ஒளிபரப்பான பிறகு கடிதமும் காணிக்கையும் வந்து குவிந்தன. கெட்டிக்காரப் பேச்சையே தொழிலாகக் கொண்ட மனிதருக்கு இது பெரிய பாடம். அடுத்த ஆண்டு படக்குழுவோடு கல்கத்தா வந்தார். படமெடுக்க அன்னை எளிதில் சம்மதிக்கவில்லை. ஐந்தே நாளில் வேலையை முடித்தார்கள். அந்தப் படம் 1969லும், அதே பெயரிலான புத்தகம் 1971லும் வெளிவந்தன.

இங்கேதான் நான் சற்று நிற்க விரும்புகிறேன். காளிகட்டில், இறந்துகொண்டிருப்போர் இல்லத்தில் வெளிச்சம் மிகக் குறைவு. படம் விழாது என்றார் ஒளிப்பதிவாளர் கென் மேக்மில்லன். எடுத்தார்கள். லண்டனில் போட்டுப் பார்த்தால், இருட்டறைக் காட்சிகள் மெல்லிய ஒளியில் தெளிவாகத் தெரிந்தன. மகரிட்ஜ் இதைத் தெய்வீக ஒளி, புதுமை என்று எழுதிவிட்டார். மேக்மில்லனோ பிற்காலத்தில், அது கோடாக் கம்பெனி புதிதாகத் தந்த பிலிம் சுருளின் வேலை என்று சொன்னார்.

யாரை நம்புவது? நான் மேக்மில்லன் பக்கம். கருவி அவர் கையில் இருந்தது. சுருளை அறிந்தவர் அவர். உக்ரைனில் கண்டதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டாத நிருபர், கல்கத்தாவில் ஆசையின் மிகுதியால் கூட்டிவிட்டார். இப்படிச் சொல்வதால் நமது விசுவாசத்துக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. 2016 செப்டம்பர் 4ந் தேதி அன்னைக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டதே, அதற்காகத் திருச்சபை ஏற்றுக்கொண்ட புதுமைகள் இரண்டு: வங்காளத்துப் பெண் ஒருவருக்கும் பிரேசில் நாட்டு ஆண் ஒருவருக்கும் கிடைத்த சுகம். பிலிம் வெளிச்சம் அந்தக் கணக்கில் இல்லை. மேகத்தில் மாதா முகம், நற்கருணைப் பேழையருகே ஒளி என்று கைப்பேசியில் எனக்குப் படம் அனுப்பி, "கோவிலில் அறிவிப்பீர்களா, சாமி?" என்று கேட்கிற பிள்ளைகள் இந்தப் பகுதியை இன்னொரு முறை படித்துக்கொள்ளட்டும்.

அந்த வெளிச்சத்தைப் புதுமை என்று எழுதிய மனிதர், அதைக் கண்டதும் ஓடிவந்து கத்தோலிக்கராகிவிட்டாரா என்றால், இல்லை. அன்னை கடிதத்துக்குமேல் கடிதம் எழுதினார். இவர் சாக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். தம் பிழைப்பின்மீதே அவருக்கு வெறுப்பு வந்துவிட்டது. பாலைவனத்தில் நான்காவது சோதனையாகத் தொலைக்காட்சியில் தோன்றும் வாய்ப்பு வந்திருந்தாலும் ஆண்டவர் அதை மறுத்திருப்பார் என்று 1976ல் லண்டன் சொற்பொழிவுகளில் வாதாடினார். இது சற்று அதிகம் என்பது என் எண்ணம். அந்தப் பெட்டி இல்லையேல், 1969ல் காளிகட்டை அத்தனை ஆங்கிலேய வீடுகள் எப்படிக் கண்டிருக்கும்?

பதின்மூன்று வருடம் கழிந்தது. அவரை அசைத்தது அந்த வெளிச்சமல்ல. அதன் கீழே கிடந்தவர்களைக் கழுவித் துடைத்த கைகளே என்று நினைக்கிறேன். 1982 நவம்பர் 27ந் தேதி, 79ம் வயதில், மனைவி கிட்டியோடு சஸெக்ஸ் கிராமத்துச் சிற்றாலயம் ஒன்றில் திருச்சபையில் சேர்ந்தார். ஆயர் வந்திருந்தார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் சிலரையும் அவர்களைப் பராமரித்த குருவானவர் அந்தத் திருப்பலிக்கு அழைத்து வந்திருந்தார்.